பன்னிரண்டு படமும் ஒரு வானமும்

தென்காசியில் முப்பத்தைந்து வருஷமாகக் குடியிருக்கிறவனுக்கு நிலக்காட்சிப் படம் எடுப்பதில் பெரிய பிரயாசை ஒன்றும் கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நியாயம். கொல்லைக் கதவைத் திறந்தால் மேற்கே மலை நிற்கிறது. மலையின் தோளிலே மேகம் சாய்ந்திருக்கிறது. அடிவாரத்தில் வயலும் பனையும், யாரோ முன்கூட்டியே வந்து ஒழுங்கு செய்துவிட்டுப் போனாற்போல, அதனதன் இடத்தில் இருக்கின்றன. காமிராவைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் அதுவே நாலு நல்ல படம் எடுத்து வைத்திருக்கும் என்று என் மனைவி பரிகாசம் செய்வாள். ஆகவே, சென்ற கார்த்திகையில், மந்தைவெளியிலுள்ள மகள் வீட்டில் பத்து நாள் தங்கிவர நான் பொதிகை எக்ஸ்பிரஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது, வேட்டி துண்டுகளுக்கு நடுவே பழைய யாஷிகாப் பெட்டி ஒன்றும் ஏறுவதைக் கண்ட அடுத்த வீட்டுச் சிநேகிதர், "மெட்ராஸ்ல என்னவே நிலக்காட்சி இருக்கு? மலை இருக்கா, அருவி இருக்கா? பஸ் ஸ்டாண்டைத்தான் படம் எடுக்கணும்" என்று சிரித்ததற்காக அவர்மீது நான் கோபங்கொள்ளவில்லை. எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

மகளுக்கோ வேறு சந்தேகம். "அப்பா, ஃபோன்ல எடுத்துட்டு ஒரு தட்டு தட்டினா கறுப்பு வெள்ளை ஆயிடுது. எதுக்கு இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு அலையறீங்க?" என்றாள். வெங்காயம் போட்டுச் செய்த சாம்பாரிலிருந்து வெங்காயத்தைப் பொறுக்கி எறிந்துவிட்டு விரதக்காரருக்குப் பரிமாறலாமா என்று நான் கேட்டேன். வர்ணத்திலே பார்த்து, வர்ணத்திலே எடுத்து, பிறகு வர்ணத்தை உரித்துப் போடுவது ஒரு காரியம்; வர்ணத்தை எண்ணாமலே வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் பார்த்துப் பழகுவது வேறொரு காரியம். இரண்டாவது காரியத்துக்குக் கண்ணைத்தான் முதலில் கழுவ வேண்டியிருக்கிறது. அவள் இதையெல்லாம் ஒப்புக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன். பிலிம் ரோல் என்ன விலை என்று கேட்டாள், சொன்னேன், பேச்சு அங்கே நின்றுவிட்டது. அந்த விலையின் காரணமாகத்தான் நான் ஒரே ஒரு ரோல் கொண்டுபோயிருந்தேன். யாஷிகாவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம், சதுரமாக விழும். பத்து நாளுக்குப் பன்னிரண்டு.

சென்னை தட்டையான ஊர். கடலிலிருந்து மேற்கே வெகுதூரம் நடந்தாலும், பரங்கிமலையையும் சின்னமலையையும் விட்டால், கண்ணை உயர்த்திப் பார்க்க ஒரு மேடு கிடையாது. இப்படிப்பட்ட பூமியில் நிலக்காட்சி என்பது பெரும்பாலும் நிலத்தின் காட்சியாக இருக்க முடியாது. அது ஆகாயத்தின் காட்சி, அல்லது அந்த ஆகாயம் வந்து விழுந்து கிடக்கும் ஜலத்தின் காட்சி. ஆனால் சென்னையைப் பற்றிய பழைய படங்களைப் புரட்டிப் பாருங்கள்: ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்ட அஞ்சலட்டைகளானாலும் சரி, மவுண்ட் ரோடிலிருந்த வீலே அண்டு கிளெய்ன் போன்ற ஸ்டூடியோக்காரர்கள் எடுத்தவையானாலும் சரி, கட்டடம் இருக்கிறது, மாட்டுவண்டி இருக்கிறது, தென்னை இருக்கிறது, மேலே பாதிக் காகிதம் வெறும் வெள்ளையாக, சுண்ணாம்பு அடித்த சுவர் போலக் கிடக்கிறது. சென்னைக்கு வானமே கிடையாது என்று அந்தப் படங்களை மட்டும் பார்த்த ஒருவன் முடிவு கட்டிவிடலாம்.

குற்றம் வானத்தினுடையதன்று, மருந்தினுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தகட்டிலும் காகிதத்திலும் பூசிய வெள்ளி உப்பு நீல நிறத்துக்கு மிகவும் மசியும், பச்சைக்கும் சிவப்புக்கும் மசியவே மசியாது. மரத்தின் பச்சையும் செங்கல்லின் சிவப்பும் அதில் பதியும்வரை காத்திருந்தால், அதற்குள் நீல வானம் அளவுக்கு மிஞ்சிப் பதிந்து, நெகடிவில் தார் போலக் கறுத்து, அச்சில் வெறும் வெள்ளையாகிவிடும். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1856-ல் நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை என்று பெரிய காமிராவைச் சுமந்து அலைந்து, மெழுகு பூசிய காகித நெகடிவில் நம்முடைய கோயில்களைப் படம் பிடித்தபோது, இந்த வெற்று வானம் அவரை வெகுவாக உறுத்தியிருக்க வேண்டும். பல நெகடிவ்களின்மேல் அவர் தூரிகையை எடுத்துத் தாமே மேகம் தீட்டியிருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கிய அத்தனை பொறுமை வாய்ந்த மனிதர், கல்லில் ஓர் எழுத்தைக்கூடத் தவற விடாதவர், வானத்தைப் பொறுத்தமட்டில் கற்பனைக்கு இடம் கொடுத்துவிட்டார் என்பது எனக்கு வேடிக்கையாகவும் கொஞ்சம் ஆறுதலாகவும் இருக்கிறது. அவருடைய உத்தியோகம் நெடுநாள் நீடிக்கவில்லை. கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், அரசாங்கத்தின் நிதி நிலைமைக்கு இது ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதி, 1860-க்குள் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். பிலிம் விலை கேட்ட என் மகளின் முகத்தில் அன்று நான் கண்டது டிரெவெல்யனின் முகச்சாயையே.

சென்னைக்கு வந்து மூன்று நாள் ஒரு படமும் எடுக்கவில்லை. மழை பெய்தால் காமிராவை வெளியே எடுக்க வழியில்லை. மழை நின்றால் வானம் வெளுத்துக் கிடந்தது. கடலோரத்து ஈரம் காற்றிலே கலந்து ஒரு மங்கலான பால் நிறத்தை ஆகாயம் முழுவதும் பூசிவிடுகிறது. தென்காசியில் லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் கண்ணாடி ஒன்றை மாட்டினால் போதும், அது நீலத்தை மறித்து வானத்தைக் கருக்க, மேகங்கள் பளிச்சென்று எழுந்து நிற்கும். இங்கே மறிப்பதற்கு நீலமே இருந்தால்தானே! பிலிம் மாறி, எல்லா நிறமும் பதியும் காலம் வந்து நூறு வருஷத்துக்கு மேலாகியும், சென்னையின் வானம் பழைய அஞ்சலட்டையைப் போலவே வெறுமையாக நிற்பதைப் பார்த்து எனக்குச் சற்று மனச்சோர்வு ஏற்பட்டது. நாலாம் நாள் இரவு நல்ல மழை கொட்டியது. விடிவதற்குள் மழை ஓய்ந்துவிட்டது. ஐந்தரை மணிக்கு மாடிக்குப் போய்ப் பார்த்தபோது, கிழக்கே கழுவித் துடைத்தாற்போல ஒரு தெளிவு. அதிலே பிரிந்து பிரிந்து மேகங்கள். காபிகூடக் குடிக்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மந்தைவெளியிலிருந்து கபாலீசுவரர் கோயில் குளத்துக்கு நடை தூரம்தான். குளம் கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. ஆகையால் மேற்குக் கரையில் நின்று பார்த்தால், குளத்துக்கு அப்பால் மேலைக் கோபுரமும் அதற்குப் பின்னே 120 அடி உயரமுள்ள கீழைக் கோபுரமும், அவற்றின் பின்னாலிருந்து எழும் சூரியனும் ஒரே வரிசையில் வந்து நிற்கும். கோபுரத்திலுள்ள பொம்மைகளின் அழகைப் பார்க்க வேண்டுமானால் வெயில் முன்பக்கம் விழும் மாலையில்தான் வரவேண்டும். அந்தப் பொம்மைகளிலும் கறுப்பு வெள்ளைக்காரனுக்கு ஒரு சோதனை உண்டு: மஞ்சள் கண்ணாடி மாட்டினால் நீலமேனி கொண்ட தேவர்கள் கறுத்துப்போவார்கள், மஞ்சள் பூசிய தேவியர் வெளுத்துப்போவார்கள், சாயம் மறுபடி அடித்தால் சென்ற வருஷத்துப் படமும் இந்த வருஷத்துப் படமும் ஒத்துப்போகா. காலையில் இந்தத் தொல்லை இல்லை. கோபுரம் முழுவதும் ஒரே கருமையான உருவமாக, ஓரங்களில் மட்டும் பொம்மைகளின் கை கால்கள் முள் முள்ளாக நீட்டிக்கொண்டு, தலைகீழாகக் குளத்திலும் நிற்கிறது.

யாஷிகாவில் கண்ணுக்கு நேரே காமிராவைத் தூக்கிப் பார்ப்பதில்லை. மார்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு, கிணற்றை எட்டிப் பார்ப்பது போலக் குனிந்து, மேல்மூடிக்குள்ளிருக்கும் தேய்த்த கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதிலே காட்சி இடவலம் மாறித் தெரியும். வடக்கு மாட வீதியிலிருந்து வருகிற ஆள் தெற்கு மாட வீதியிலிருந்து வருகிறாற்போல இருக்கும். பழகாதவர்கள் அவரைத் தவிர்க்க எண்ணிக் காமிராவைத் திருப்பி அவரையே நடுவில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இந்த மாற்றத்தால் ஒரு லாபமும் உண்டு. நாலு தலைமுறையாகப் பார்த்துப் பழகிய கோபுரம் அந்தக் கண்ணாடியிலே அந்நியமாகிவிடுகிறது. அது கபாலி கோயில் என்பது மறந்துபோய், ஒரு கரிய முக்கோணம், கீழே அதன் பிரதிபிம்பம், இரண்டுக்கும் நடுவே நீராழி மண்டபம் என்கிற ஒரு சிறிய சதுரம், இவ்வளவுதான் எஞ்சும். அன்று ஒரு பெரியவர் படியில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பிடிக்கும் தண்ணீர் கொதிப்பது போலப் பொங்கி அடங்கும். அடங்கும் வரையில் கோபுரம் துண்டு துண்டாகி, அரை நிமிஷத்துக்குப் பிறகு அடியிலிருந்து நுனி வரை ஒவ்வொரு நிலையாகத் தன்னைத் தானே கட்டிக்கொண்டு மேலேறும். கலசம் சேருவதற்குள் அவர் அடுத்த பிடியைப் போட்டுவிடுவார். பொரிப் பொட்டலம் தீரும்வரை காத்திருந்து, நாலு படம் எடுத்தேன். வறண்ட கோடைகளில் இந்தக் குளத்திலே பையன்கள் பந்து விளையாடியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நாளில் இங்கே கோபுரம் இருந்தது, வானமும் இருந்தது. இரண்டுக்கும் மறுபாதி மட்டும் இல்லாமற் போயிருந்தது.

அங்கிருந்து லஸ் வழியாக, மெட்ரோ வேலைக்காக அடைத்த தகரங்களை ஒட்டிச் சேற்றில் கால் வைத்து நடந்து, ராதாகிருஷ்ணன் சாலைக்குப் போனேன். அதற்கு முந்தைய பெயர் எட்வர்டு எலியட்ஸ் ரோடு. அந்தப் பெயரை நான் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம், கறுப்பு வெள்ளைக்கு ஆயுள் முழுவதும் பதிவிரதமாக இருந்த ஒரு மனிதர் அங்கே வசித்தார் என்பதுதான். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை மா. கிருஷ்ணன். 1912-ல் எங்கள் திருநெல்வேலிச் சீமையிலே பிறந்து, சென்னையிலே படித்து, சந்தூர் சமஸ்தானத்தில் சில வருஷம் உத்தியோகம் பார்த்து, பிறகு யாருடைய உத்தியோகத்துக்கும் போகாமல் காட்டையும் எழுத்தையும் காமிராவையும் நம்பியே ஜீவித்தவர். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-ல் தொடங்கிய அவருடைய இயற்கைக் குறிப்புகள், 1996 பிப்ரவரியில் அவர் காலமான தினம் வரை, நாற்பத்தாறு வருஷம் வந்துகொண்டிருந்தன. தமிழிலும் எழுதினார், தியடோர் பாஸ்கரன் தொகுத்த மழைக்காலமும் குயிலோசையும் என்ற நூலைப் படித்தவர்களுக்கு அந்தத் தமிழின் சிக்கனம் தெரியும்.

காமிரா விஷயத்திலும் அவருக்கு அதே சிக்கனம். கடையிலே விற்கிற காமிரா எதுவும் தம் வேலைக்குச் சரிப்படாது என்று கண்டு, ஒன்றின் உடலையும் மற்றொன்றின் லென்ஸையும் சேர்த்து, தாமே ஒரு கருவியைப் பூட்டிக்கொண்டு, அதற்கு "சூப்பர் பாண்டெரோசா" என்று நாமகரணமும் செய்தார். கனமான பொருள் என்று பொருள்படும்படி அவர் செய்த வேடிக்கை அது. உலகமே வர்ணத்துக்கு மாறிய பிறகும் அவர் மாறவில்லை. யானையின் உடலில் வர்ணம் என்ன இருக்கிறது? மடிப்பு இருக்கிறது, காய்ந்த சேறு இருக்கிறது, காதின் ஓரத்தில் வெயில் ஊடுருவும் மெல்லிய இடம் இருக்கிறது. இவற்றைச் சொல்லச் சாம்பல் நிறத்தின் இருபது சாயல்களே அதிகம். அவருடைய யானைகளைப் பார்த்தால், விலங்கைச் சுற்றி எப்போதும் அதன் நிலமும் இருக்கும். புல்லின் உயரம் தெரியும், மரத்தின் ஜாதி தெரியும், இது எந்த மாதம் என்றுகூட ஊகித்துவிடலாம். விலங்கைப் படம் பிடித்தவர் என்று அவரை எல்லாரும் சொல்கிறார்கள். விலங்கு நிற்கும் நிலத்தைப் படம் பிடித்தவர் என்று நான் சொல்வேன்.

சாலையில் அவர் நினைவாக ஒரு படமாவது எடுக்கலாமென்று மியூசிக் அகாதமிப் பக்கம் வரையில் நடந்தேன். மேம்பாலமும் கண்ணாடிக் கட்டடங்களும் வானத்தை நறுக்கி நறுக்கித் துண்டு போட்டிருந்தன. கடைசியில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் அகப்பட்டது. மழையில் நனைந்து அடிமரம் கருங்கல்லைப் போலக் கறுத்திருக்க, அதன்மேல் காலை வெயில் கோடு கோடாக விழுந்திருந்தது. ஐந்தாவது படத்தை அதற்குச் செலவிட்டபின் தான், அயல்நாட்டு மரங்களை அலங்காரத்துக்காக இங்கே கொண்டுவந்து நடுவதை கிருஷ்ணன் எவ்வளவு வெறுத்தார் என்பது நினைவுக்கு வந்தது. தூங்குமூஞ்சியின் சொந்த ஊர் தென்னமெரிக்கா. மனசுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தியாகராய நகருக்கு ஆட்டோ பிடித்தேன்.

தியாகராய நகரில் நிலக்காட்சி தேடிப் போனேன் என்றால் யாரும் நகைப்பார்கள். ஆனால் நூற்றிருபது வருஷத்துக்கு முன் சென்னையில் நிலக்காட்சிப் படம் எடுக்க விரும்பிய எவனும் அங்கேதான் போயிருப்பான். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டையை நோக்கி மவுண்ட் ரோடுக்கு மேற்கே நீண்டு வளைந்து கிடந்தது ஓர் ஏரி. நீளத்தினால் அதற்கு நெடுங்குளம் என்றே பெயர். வெள்ளைக்காரர்கள் அதிலே படகுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். ஊர் பெருத்துக் குடியிருப்புக்கு இடம் தேவைப்பட்டபோது, 1920-களில், ஏரியைத் தூர்த்து மனை பிரிக்கலானார்கள். நீதிக்கட்சிக் காலமாகையால், புதிய நகருக்குப் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரும், நடுவேயுள்ள பூங்காவுக்குப் பனகல் அரசரின் பெயரும், தெருக்களுக்கு உஸ்மான், டாக்டர் நாயர், பஸ்லுல்லா என்று அந்தத் தலைமுறைப் பிரமுகர்களின் பெயர்களும் வந்து அமர்ந்தன. ஏரியின் பெயர் மட்டும் ஓரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: மேற்கு மாம்பலத்தில் ஒரு லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் ஒரு டாங்க் பண்டு ரோடு. லேக் வியூ ரோடில் நின்று ஏரியைப் பார்க்கிற பாக்கியம் இந்தத் தலைமுறையில் ஒருவருக்கும் இல்லை.

மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையம் வரை 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை ஒன்று இருக்கிறது; அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதிலே ஏறி நடுவில் நின்றேன். ஏரியின் நீர்மட்டத்துக்கு மேலே, ஒரு படகின் பாய்மர உச்சியிலே நிற்பதாக எண்ணிக்கொள்ள முயன்றேன். கீழே ரங்கநாதன் தெருப் பக்கம் ஜனத்திரள் அலையலையாக நகர்ந்தது என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அலை மாதிரி இல்லை. தலைகளும் பைகளும் பிளாஸ்டிக் கூரைகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, வர்ணத்தை எடுத்துவிட்டால் ஒரே சாம்பல் குவியலாகத் தோன்றியது. வர்ணத்தின் தயவால் மட்டுமே பிரிந்து தெரியும் பொருள்கள் உலகத்திலே உண்டு, அவற்றுக்கு என் பெட்டி உதவாது. மேலேயோ, மேகம் அப்போது மிக நன்றாக இருந்தது. அதைத் தாங்கிக்கொள்ளக் கீழே எதுவும் இல்லை. ஒன்றும் எடுக்காமல் இறங்கி, நடேசன் பூங்காவுக்குள் சற்று இளைப்பாறப் போனபோது, நடைபாதையின் பள்ளமொன்றில் ராத்திரி மழை தேங்கிக் கிடந்தது. தாம்பாளத்தளவு தண்ணீர். அதிலே ஒரு மேகம் முழுசாக இருந்தது. குனிந்து ஆறாவது படத்தை எடுத்தேன். நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு மாமி, எதையோ தவறவிட்டுவிட்டுத் தேடுகிறேன் என்று எண்ணி, "என்ன சார், மூக்குக்கண்ணாடியா?" என்று கேட்டார். வீட்டில் இதைச் சொன்னபோது மகள், "பெரிய மழை வரட்டும்ப்பா, உஸ்மான் ரோட்டுல முழு ஏரியே கிடைக்கும்" என்றாள்.

மறுநாள் மத்தியானம் லஸ் முனையில் 29 சி பஸ் பிடித்துப் பெசன்ட் நகருக்குப் போனேன். ஜன்னலோர இருக்கையில் பெட்டியை மடிமேல் வைத்துக்கொண்டிருக்கையில் ஏ. கே. செட்டியாரின் ஞாபகம் வந்தது. பிரயாணக் கட்டுரை எழுதுகிற தமிழன் எவனுக்கும் அவர் ஞாபகம் வராமல் போகாது. கோட்டையூரிலே பிறந்து, டோக்கியோவுக்கும் பிறகு நியூயார்க்குக்கும் போய்ப் புகைப்படக் கலையை முறையாகப் பயின்றவர். 1937 அக்டோபர் 2-ந் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில், காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டுமென்று தோன்றிற்று அவருக்கு. அதற்காக லட்சம் மைல் அலைந்து, உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் 50,000 அடி பிலிம் சேர்த்து, 1940-ல் அதைத் திரைக்குக் கொண்டுவந்தார். இவ்வளவு தொழில் தெரிந்த மனிதர் தம் பிரயாணக் கட்டுரைகளில் சூரியோதயத்தையும் அஸ்தமனத்தையும் வர்ணித்து ஏமாற்றுவதே இல்லை என்பது என்னைப் போன்றவர்கள் வெட்கப்பட வேண்டிய விஷயம். ரயில் எத்தனை மணிக்கு வந்தது, ஹோட்டலில் என்ன கொடுத்தார்கள், பக்கத்திலிருந்தவர் என்ன சொன்னார் என்பார், பக்கம் முடிந்துவிடும். பார்த்ததைப் படமே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாரோ என்னவோ.

பஸ் திரு. வி. க. பாலத்தின்மேல் ஏறியபோது அடையாற்றின் முகம் விரிந்தது. மழைக்காலமாகையால் ஆறு நிரம்பி, கழிமுகத்து மண் திட்டுகள் இடையிடையே முதலை முதுகு போலத் தெரிந்தன. தென்கரையில் பிரம்ம ஞான சபையின் தோப்பு. 1882 முதல் அந்த இடம் அவர்களுடையது. அங்கேயுள்ள பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்து, இப்போது விழுதுகளே மரமாக நிற்கின்றன. அந்த மரத்தைப் பற்றி வேறொரு சந்தர்ப்பத்தில் எழுத வேண்டும். அதன் அடியில் நின்றால் வானம் தெரியாது, எனக்கு வேண்டியதோ வானம்.

ஊரூர் ஆல்காட் குப்பத்தைத் தாண்டி மணலிலே நடந்தால் உடைந்த பாலம் வருகிறது. சாந்தோம் பக்கத்துக் குப்பங்களையும் இந்தப் பக்கத்துக் குப்பத்தையும் இணைக்க 1967-ல் கட்டி, பத்தே வருஷத்தில், 1977-ல், ஆற்று வெள்ளம் அதன் ஒரு பகுதியைக் கொண்டுபோய்விட்டது. பிறகு யாரும் அதைச் செப்பனிடவில்லை. கடற்கரையிலிருந்து புறப்பட்டுக் கழிமுகத்தின்மேல் கொஞ்ச தூரம் போய், சொல்ல வந்த வார்த்தை மறந்துபோன கிழவனைப் போல, பாலம் நடுவிலே நின்றுவிடுகிறது. சினிமாக்காரர்களுக்கு இந்த இடத்தின்மேல் அளவற்ற பிரியம்; அடிதடிக்கும் காதலுக்கும் இங்கேதான் வருவார்கள்.

நான் போனபோது மூன்று மணி. வெயில் கண்ணைக் கரித்தது, வானம் மறுபடியும் பால் நிறம். சிவப்புக் கண்ணாடியை மாட்டி, வெளிச்சத்தை இரண்டு படி குறைத்து எடுத்தால் மட்ட மத்தியானத்தையும் நிலா வெளிச்சமாக்கிவிடலாம் என்று ஒரு பழைய வித்தை உண்டு. வடபழனி வாகினி ஸ்டூடியோவில் மார்கஸ் பார்ட்லி காமிரா பிடித்த காலத்தில் சினிமா நிலவுக்கே அவர் பெயர் சொல்லிப் பேசினார்கள். 1957-ல் வந்த மாயாபஜாரில் ஜலத்தின்மேல் அந்த நிலவு தவழ்வதைப் பார்த்தவர்கள், அதிலே எத்தனை விளக்கு, எத்தனை தந்திரம் என்று எண்ணவே மாட்டார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவர் நிழலில் உட்கார்ந்துவிட்டேன்.

தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் அருகில் வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "இன்னா தாத்தா, மீன் புடிக்க வந்தியா, போட்டோ புடிக்க வந்தியா?" என்றான். மேகம் பிடிக்க வந்தேன் என்றேன். அவன் சிரிக்கவில்லை. பின்னால் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு நடுவயதுக்காரரிடம் கத்தி விசாரித்தான். அவர் வடகிழக்கே ஒரு முறை பார்த்துவிட்டு, "வாடை திரும்பிகீது. குந்துங்க பெரியவரே, ஒரு சாமான் வரும். நனைஞ்சா பெட்டி பாழாப் பூடும், அத்தை மட்டும் பாத்துக்கோங்க" என்றார். நான் என் துண்டை எடுத்துப் பெட்டியைப் போர்த்தினேன். நாலேகாலுக்கு மழை வந்தது. பத்து நிமிஷம் சாய்வாக அடித்தது. நானும் பையனும் பாலத்தடியில் ஒண்டிக்கொண்டோம். அது போன பிறகு வெளியே வந்து பார்த்தால், அந்தப் பால் நிறத்தை யாரோ துணியால் ஒற்றி எடுத்திருந்தார்கள்.

கடலின் பக்கம் மழைமேகம் கருங்கல் சுவராக நகர்ந்துகொண்டிருந்தது. அதன் மேல்விளிம்பு மாத்திரம், மேற்கிலிருந்து வந்த வெயில் பட்டு, பஞ்சைப் பிய்த்து வைத்தாற்போல வெளுத்திருந்தது. கழிமுகத்துத் தண்ணீர் காற்றடங்கி ஈயத் தகடாகக் கிடக்க, இத்தனையும் அதிலே இன்னொரு முறை இருந்தது. ஈர மணல் ஒரு சாம்பல். அதைவிடக் கொஞ்சம் வெளுத்தது தண்ணீர். தண்ணீரைவிடக் கறுத்தது மேகம். எல்லாவற்றையும்விடக் கறுத்தது பாலத்தின் முறிந்த நுனி, அதிலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள். வர்ணம் என்று சொல்ல, உண்மையிலேயே அங்கே ஒன்றும் இல்லை. எனக்காக ஆகாயமே அதை எடுத்து வைத்திருந்தது. அவசரப்படாமல் ஆறு படமும் எடுத்தேன். பன்னிரண்டாவதற்கு விசையைத் தட்டியபோது வானத்தில் ஒரு பறவையும் இல்லை என்பதை நான் சத்தியம் செய்து சொல்லக்கூடும். இருந்தால் நன்றாயிருக்குமே என்று எண்ணி ஐந்து நிமிஷம் காத்தும் இருந்தேன். தூரத்துத் திட்டில் கொக்குகள் உட்கார்ந்தே இருந்தன. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

அன்று இரவே குளியலறையில் பிலிமைக் கழுவினேன். முன்னொரு தடவை ஒரு கடையில் கழுவக் கொடுத்து, ரோல் முழுவதும் பாசி பிடித்தாற்போலத் திரும்பி வந்ததிலிருந்து அந்த வேலையை யாரிடமும் விடுவதில்லை. சென்னையில் இதற்கு முதல் சத்துரு குழாய்த் தண்ணீரின் சூடு. மருந்து 20 டிகிரியில் இருக்க வேண்டும். கார்த்திகையிலும் குழாயில் வருவது அதைவிட வெதுவெதுப்பு. சூடு மிஞ்சினால் பிலிமின் மேலுள்ள பசை நெகிழ்ந்து, பாலாடை போலச் சுருங்கிவிடும். பேரன் குளிர்பெட்டியிலிருந்து ஐஸ் கட்டிகளைக் கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுவந்து வாளியில் போட்டான். நான் அதில் மருந்துக் குப்பிகளை நிறுத்தி வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெவலப்பர், பிறகு தண்ணீர், பிறகு ஹைப்போ. டப்பாவைத் திறந்து சுருளை உயர்த்திப் பிடித்தபோது, "தாத்தா, எல்லாம் கறுப்பா இருக்கே, கெட்டுப்போச்சா?" என்று பயந்துவிட்டான். நெகடிவில் வானம் கறுப்பாகத்தான் இருக்கும், கண்ணா, ஆனால் இந்தத் தடவை அதற்குள்ளே பார், ஒரு கறுப்பு இல்லை, பல கறுப்பு இருக்கிறது என்று விளக்கின்முன் காட்டினேன். துணி காயப்போடும் கொடியில் இரண்டு கிளிப் மாட்டித் தொங்கவிட்டுப் படுத்தோம். ஜன்னலில் வலை கிழிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

தென்காசிக்குத் திரும்பி என் இருட்டறையில் பிரிண்ட் போட்டபோது, பன்னிரண்டாவது படத்தில், கருமேகத்துக்கு நேர் கீழே, பாலத்தின் நுனியைத் தாண்டி, ஒரு வெள்ளைக் கொக்கு பறந்துகொண்டிருந்தது. சிறகு இரண்டும் விரிந்து, கழுத்து மடங்கி, கால் பின்னால் நீண்டு. நெகடிவை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தேன். கடுகில் பாதியளவு பூச்சி ஒன்று, ஈரம் காயாத பசையிலே வந்து உட்கார்ந்து, அப்படியே ஒட்டிச் செத்துப்போயிருக்கிறது. வெளிச்சத்தை அது மறித்த இடம் அச்சில் வெள்ளையாக விழுந்திருக்கிறது. டிரைப் துரை தூரிகையால் செய்த அதே காரியம்.

இப்படிப்பட்ட புள்ளிகளை அச்சின்மேல் மெல்லிய தூரிகையால் மை தொட்டு மறைத்துவிடலாம். ஸ்டூடியோக்காரர்கள் அதை டச்சிங் என்பார்கள். மையைக் கரைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, திண்ணை வெளிச்சத்தில் நான் உட்கார்ந்த சமயத்தில் அடுத்த வீட்டுச் சிநேகிதர் வந்து சேர்ந்தார். மயிலைக் குளத்துப் படத்தை எடுத்துப் பார்த்தார். நடேசன் பூங்கா மேகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். கழிமுகத்துப் படத்தை மட்டும் கையை விடாமல் வெகுநேரம் வைத்திருந்தார். என் கையிலிருந்த தூரிகை அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"என்னத்தவே அழிக்கப் போறீரு?"

சொன்னேன்.

"சும்மா கிடயும். எது வேணும்னாலும் அழியும், அந்தக் கொக்கை மட்டும் தொட்டுராதேயும்" என்றார்.

தூரிகையைத் தண்ணீரில் அலசி, ஜன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டேன்.